நீரிழிவுக்காரருக்கு வீட்டுச் சாக்லேட்: கஞ்சாக் குறிப்பை ஹெம்ப் விதையாக மாற்றலாமா?

அல்சூர் ஏரிக்கரை கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். என் கணவருக்கு இரண்டாம் வகை நீரிழிவு இருக்கிறது. இனிப்பை அறவே விட்டுவிட முடியாதவர் என்பதால், மாவுச்சத்து குறைந்த பலகாரங்களை வீட்டிலேயே செய்து கொடுத்து வருகிறேன். அவருக்கு மிகவும் பிடித்தது கறுப்புச் சாக்லேட். டொராண்டோவில் வசிக்கும் என் நாத்தனார் மகள், அங்கே கஞ்சா கலந்த சாக்லேட் கடைகளில் சட்டப்படியே விற்கப்படுவதாகச் சொல்லி, அதைச் சர்க்கரையில்லாமல் வீட்டில் செய்யும் குறிப்பு ஒன்றையும் அனுப்பியிருக்கிறாள். மாமாவுக்கு இரவில் தூக்கம் சரியில்லை என்று கேள்விப்பட்டதால் வந்த அக்கறை இது. அவளைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு அப்படியே அதைச் செய்ய முடியாது என்பது எனக்கும் தெரியும்.

என் சந்தேகங்கள் மூன்று. வீட்டுக்குள், நம் குடும்பத்துக்கு மட்டும் என்றால் சட்டம் எந்த அளவுக்குக் குறுக்கே வரும்? பல்பொருள் அங்காடிகளில் கஞ்சாச் செடி இனத்தின் விதையையே உரித்து ‘ஹெம்ப் விதை’ என்று பொட்டலத்தில் விற்கிறார்களே, அதை அந்தக் குறிப்பில் கஞ்சாவுக்குப் பதிலாகச் சேர்த்தால் பொருந்துமா, அதற்கு ஏதேனும் போதை உண்டா? மூன்றாவதாக, நான் கோக்கோத் தூளையும் தேங்காய் எண்ணெயையும் எரித்ரிட்டால் என்ற சர்க்கரை மாற்றையும் கலந்து செய்கிற சாக்லேட், குளிர்பெட்டியிலிருந்து எடுத்த சில நிமிடங்களில் விரலில் ஒட்டுகிறது. வாயில் போட்டால் நறநறவென்று இருப்பதோடு, புதினா தின்றதைப் போல நாக்கு சில்லிடுகிறது. கடைச் சாக்லேட்டைப் போலப் பளபளப்பாகவும், உடைத்தால் ‘டக்’ என்று முறிவதாகவும் சர்க்கரையில்லாமல் செய்ய வழி உண்டா?

---

சட்டப்புத்தகம் எழுதுகிறார்:

அம்மா, முதல் கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன். சமையலில் எனக்கு அதிகாரம் இல்லை.

1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள்கள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டம் இந்தச் செடியிலிருந்து வரும் மூன்றை ‘கேனபிஸ்’ என்ற வரையறைக்குள் வைக்கிறது: செடியின் பிசினாகிய சரஸ், பூவும் காயும் தாங்கிய நுனிக்கதிர்களாகிய கஞ்சா, இவற்றில் ஏதேனும் ஒன்று சேர்ந்த கலவை அல்லது பானம். விதையும் இலையும், நுனிக்கதிரோடு சேர்ந்திராத நிலையில், இந்த வரையறைக்கு வெளியே நிற்கின்றன. வீட்டுக்குள் செய்தது, விற்பனைக்கு அன்று, மருந்தாக உண்டது என்பதெல்லாம் இந்தச் சட்டத்தில் விலக்குகள் ஆகா. மாடியில் ஒரு தொட்டியில் ஒரேயொரு செடி வளர்ப்பதும் பயிரிடுதல் என்ற குற்றமாகும். அதற்குப் பத்து ஆண்டுகள் வரை கடுங்காவல் தண்டனை விதிக்க இடமிருக்கிறது.

சாக்லேட்டைப் பொறுத்தவரை பலரும் கவனிக்கத் தவறும் ஒரு சிக்கல் இருக்கிறது. தண்டனையின் அளவு கைப்பற்றப்பட்ட பொருளின் எடையைப் பொறுத்தது. கஞ்சாவுக்கு ஒரு கிலோ வரையிலும், சரஸுக்கு 100 கிராம் வரையிலும் ‘சிறிய அளவு’ என்று கணக்கு. அந்த எடையைக் கணக்கிடும்போது போதைப் பொருளை மட்டும் பிரித்து நிறுக்க வேண்டுமா, அது கலந்திருக்கும் மாவு, சர்க்கரை, வெண்ணெய் முதலியவற்றையும் சேர்த்து நிறுக்க வேண்டுமா என்ற கேள்வி நெடுநாள் வழக்குகளில் உழன்று, 2020 ஏப்ரலில் ஹீரா சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வால் முடிவு செய்யப்பட்டது: மொத்தக் கலவையின் எடையையே கொள்ள வேண்டும். ஆகவே பிசினையோ அதன் செறிந்த எண்ணெயையோ ஒரு துளி கலந்து 300 கிராம் சாக்லேட் வார்த்தால், சட்டத்தின் கண்ணில் அது துளியன்று, 300 கிராம். சிறிய அளவைத் தாண்டிவிட்டதால் தண்டனையின் உச்ச வரம்பு ஓராண்டிலிருந்து பத்து ஆண்டுக்குத் தாவிவிடுகிறது. உங்கள் நாத்தனார் மகள் அன்பின் மிகுதியால் அதைப் பொட்டலமாக அனுப்பி வைத்தாலும் அது இறக்குமதிக் குற்றம். அனுப்பியவரை விடப் பெறுபவருக்குத்தான் இங்கே தலைவலி. தயவுசெய்து அவளிடம் இதை இப்போதே சொல்லிவிடுங்கள்.

பாங்கு என்ற இலை உருண்டை வடக்கே விற்கப்படுகிறதே என்று யாராவது கேட்பார்கள். 2022-இல் கர்நாடக உயர் நீதிமன்றம், பாங்கு மேற்சொன்ன வரையறைக்குள் வருவதாகத் தெரியவில்லை என்று கருதி ஒருவருக்குப் பிணை வழங்கியது உண்மை. ஆனால் அது ஒரு பிணை உத்தரவு. கடைக்குப் போய் வாங்கலாம் என்ற அனுமதிச் சீட்டாக அதைப் படிக்கக் கூடாது. இலையை முறைப்படுத்தும் அதிகாரம் மாநிலங்களின் கலால் சட்டங்களுக்கு இருக்கிறது என்பதோடு, அந்த உருண்டைக்குள் இலை மட்டும்தான் இருக்கிறது என்று யார் உத்தரவாதம் தருவார்கள்?

விதையின் நிலை வேறு. உணவுப் பாதுகாப்பு மற்றும் தர ஆணையம் 2021 நவம்பரில் வெளியிட்ட விதிமுறையின்படி ஹெம்ப் விதை, விதை எண்ணெய், விதை மாவு ஆகிய மூன்றும், போதைக் கூறு மிகச் சொற்ப வரம்புக்குள் இருக்கும் பட்சத்தில், உணவாகவோ உணவில் சேர்க்கும் பொருளாகவோ விற்கப்படலாம். உரிம எண் அச்சிட்ட பொட்டலத்தை ரசீதோடு வாங்குங்கள்; அதற்கு மேல் நீங்கள் கவலைப்பட ஒன்றும் இல்லை.

---

குமாவுன் மருமகள் எழுதுகிறார்:

நான் பிறந்து வளர்ந்தது சேலத்தில்; புகுந்த வீடு உத்தராகண்டில் அல்மோராப் பக்கம்; இப்போது குடியிருப்பது ஒயிட்ஃபீல்டில். விதையைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் மாமியார் வீட்டில் இந்த விதையை யாரும் போதையோடு சேர்த்து நினைப்பதே இல்லை. தோலோடு இருக்கும் விதையை வெறும் சட்டியில் வறுத்து, உப்பு, பச்சை மிளகாய், புளிப்பான மலை எலுமிச்சைச் சாறு சேர்த்து அம்மியில் அரைத்தால் அது பாங்குச் சட்னி. குளிர்காலத்தில் முள்ளங்கியோடும் உருளைக் கிழங்கோடும் அதைக் குழந்தைகள் உட்பட எல்லோரும் சாப்பிடுவார்கள். போதைப் பிசின் சுரப்பது பூங்கதிரைச் சுற்றியுள்ள நுண்ணிய சுரப்பி மயிர்களில். விதைக்குள் அது உண்டாவதில்லை. அறுவடையின்போது தோலின் மேல் சிறிது ஒட்டிக்கொள்ளலாம் என்பதால்தான் கழுவிச் சுத்தம் செய்து, தோல் நீக்கி விற்கிறார்கள். கட்டுப்பாட்டோடு ஹெம்ப் பயிரிட 2018-இல் உரிமம் கொடுத்து முதலில் கதவைத் திறந்த மாநிலமும் உத்தராகண்டுதான்.

உங்களுக்கு வேண்டியது தோல் நீக்கிய விதை. வெளிர்ப்பச்சை கலந்த வெள்ளை நிறத்தில், எள்ளைவிடச் சற்றுப் பெரிதாக, பல்லில் வைத்தால் மெத்தென்று இருக்கும். தோலோடு கூடியதைச் சாக்லேட்டில் போட்டால் மணலைக் கடித்ததைப் போல ஆகிவிடும். நாட்டு மருந்துக் கடையில் போய் ‘சணல் விதை’ என்று கேட்டுவிடாதீர்கள். வயலில் பசுந்தாள் உரத்துக்காக விதைக்கிற சணப்பையின் விதையைத் தூக்கிக் கொடுத்துவிட வாய்ப்பிருக்கிறது, அது உண்ணத் தக்கதன்று, நச்சுத்தன்மை உள்ளது.

பொட்டலத்தைப் பிரித்தவுடன் முகர்ந்து பாருங்கள். முந்திரிப் பருப்பையும் சூரியகாந்தி விதையையும் நினைவூட்டும் மணம் வந்தால் நல்லது. வண்ணப்பூச்சு வாடை அடித்தால் எண்ணெய் சிக்குப் பிடித்துவிட்டது என்று பொருள், குப்பைக் கூடைதான் அதற்கு இடம். பிரித்த பொட்டலத்தை இறுக மூடிக் குளிர்பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள்.

---

கோக்கோ அரைப்பவர் எழுதுகிறார்:

மல்லேஸ்வரத்தில் வீட்டிலிருந்தபடியே சிறிய அளவில் சாக்லேட் செய்து வருகிறேன். மூன்றாவது கேள்வி என்னுடையது. சற்று நீளமாகவே எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

விரலில் ஒட்டுவதற்குக் காரணம் தேங்காய் எண்ணெய். அது 24 பாகை செல்சியஸிலேயே உருகிவிடும். பெங்களூரின் பெரும்பாலான பகல்களில் சமையலறை அதைவிடச் சூடாகத்தான் இருக்கிறது. கோக்கோக் கொட்டையின் கொழுப்பாகிய கோக்கோ வெண்ணெயோ ஏறக்குறைய 34 பாகையில் உருகுவது; கையில் உறுதியாகவும் வாய்ச்சூட்டில் சட்டென்று கரைவதாகவும் இருப்பதற்கு அந்த ஒரு குணமே அடிப்படை. சிக்கனம் கருதி இரண்டையும் பாதிக்குப் பாதி கலக்கலாம் என்று தோன்றும். அதைச் செய்யாதீர்கள், இந்த இரு கொழுப்புகளும் ஒன்றின் படிக அமைப்பை மற்றொன்று குலைத்து, கலவையைத் தனித்தனியே இருந்ததைவிட இன்னும் இளக்கிவிடும். 2024-இல் மேற்கு ஆப்பிரிக்க விளைச்சல் சரிந்து கோக்கோவின் உலக விலை டன்னுக்குப் பத்தாயிரம் டாலரைத் தாண்டிய பிறகு கோக்கோ வெண்ணெயின் விலை எங்களைப் போன்றவர்களைக் கலங்கடித்தது என்பது உண்மைதான். ஆனாலும் முறியும் சாக்லேட்டுக்கு இதற்கு மாற்று கிடையாது. மலிவாகக் கிடைக்கும் காம்பவுண்ட் பாளங்களில் கோக்கோ வெண்ணெய்க்குப் பதிலாக வேறு தாவரக் கொழுப்பும், பாதிக்கு மேல் சர்க்கரையும் இருக்கும். அவை உங்கள் வீட்டுக்கு ஆகா.

நறநறப்புக்கும் சில்லிடுவதற்கும் காரணம் எரித்ரிட்டால். சர்க்கரையானாலும் எரித்ரிட்டாலானாலும் கொழுப்பில் கரைவதில்லை, துகளாகவே மிதக்கும். ஏறக்குறைய 30 மைக்ரானுக்கு (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேற்பட்ட துகளை நாக்கு உடனே கண்டுபிடித்துவிடும் என்பதால் தொழிற்சாலைகள் அதைவிட நுண்மையாக அரைக்கின்றன. எரித்ரிட்டால் வாயின் ஈரத்தில் கரையும்போது சுற்றிலும் உள்ள வெப்பத்தை உறிஞ்சிக்கொள்வதால் சில்லிடுகிறது. அளவைக் குறைத்தால்தான் இதுவும் குறையும். மிக்சியின் சிறிய சட்னிச் சாடியில், ஈரம் துளியும் இல்லாமல், பொடியாக அரைத்து மெல்லிய துணியில் சலித்துக்கொள்ளுங்கள். எரித்ரிட்டாலைப் பாதியாகக் குறைத்து, மீதி இனிப்பை ஸ்டீவியா என்ற இனிப்பு இலைச் செடியின் தூய சாற்றுப் பொடியால் ஈடுகட்டுங்கள். சந்தையில் உள்ள ஸ்டீவியாப் பொட்டலங்கள் பலவற்றில் அளவு கூட்டுவதற்காக மால்டோடெக்ஸ்ட்ரின் கலந்திருப்பார்கள். அது மாவுச்சத்து, அதுவும் குளுக்கோஸைப் போலவே விரைந்து இரத்தத்தில் ஏறுவது. சிறிய எழுத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

நான் சொல்லும் அளவு இது: கோக்கோ வெண்ணெய் 100 கிராம், இனிப்புச் சேராத கோக்கோத் தூள் 80 கிராம், பொடித்த எரித்ரிட்டால் 45 கிராம், ஸ்டீவியா ஒரு சிட்டிகை, உப்பு ஒரு சிட்டிகை, தோல் நீக்கிய ஹெம்ப் விதை 60 கிராம். தூளைவிடச் சர்க்கரையற்ற கோக்கோப் பாளம் கிடைத்தால் அதையே உருக்கிப் பயன்படுத்துவது மேல். ஏற்கெனவே நுண்மையாக அரைபட்டிருப்பதால் வாயில் வழுவழுப்பாக இருக்கும். நம் ஊர்ப் பக்கத்திலேயே நல்ல கோக்கோ விளைகிறது. பொள்ளாச்சி, ஆனைமலைத் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராக விளைவதைக் கொண்டு செய்த பாளங்கள் இப்போது பெங்களூரிலும் கிடைக்கின்றன. தட்சிண கன்னடத்துப் புத்தூரில் காம்ப்கோ கூட்டுறவின் தொழிற்சாலை 1986 முதல் இயங்கி வருகிறது.

செய்முறையில் நீருக்கு இடமே கிடையாது. ஒரு பாத்திரத்தில் நீரை இளஞ்சூடாக்கி அதன் மேல் உலர்ந்த கிண்ணத்தை வைத்துக் கோக்கோ வெண்ணெயை உருக்குங்கள். ஆவி கிண்ணத்துக்குள் வேர்த்து ஒரு சொட்டு விழுந்தாலும் கலவை இறுகிக் கட்டிதட்டிப் போகும். தேன், பேரீச்சம்பழச் சாறு, திரவ வெனிலா ஆகியவற்றைச் சேர்க்கக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம். உருகியபின் தூள்களைச் சலித்துப் போட்டுக் கட்டியில்லாமல் கலக்குங்கள். பிறகு வருவதுதான் டெம்பரிங். கோக்கோ வெண்ணெய் ஆறு வகைப் படிகங்களாக உறையக் கூடியது. அவற்றுள் ஐந்தாம் வகை ஒன்றுக்கே பளபளப்பும் முறிவும் உண்டு. கலவையை 45 முதல் 48 பாகை வரை சூடாக்கிப் பழைய படிகங்களை எல்லாம் உருக்கிவிட்டு, அடுப்பிலிருந்து இறக்கி 34 பாகைக்கு ஆறவிட்டு, முன்னதாகவே எடுத்து வைத்த உறுதியான கோக்கோ வெண்ணெயில் ஒரு கரண்டி அளவைத் துருவிப் போட்டு, இடைவிடாமல் கிளறியபடி 31, 32 பாகைக்குக் கொண்டு வாருங்கள். பாலுக்குப் பிரைமோர் குத்துவதைப் போலத்தான் இதுவும்: நல்ல படிகம் சிறிது போனால் மற்றவையும் அதன் வழியே உறையும். ஒரு கத்தியின் நுனியைத் தோய்த்து வைத்துப் பாருங்கள். ஐந்தாறு நிமிடத்தில் கோடுகளில்லாமல் உறைந்தால் வார்க்கலாம். இவ்வளவுக்கும் தேவையான ஒரே கருவி, முனை கூரான சமையல் வெப்பமானி. அதை வாங்காமல் உதட்டில் தொட்டுப் பார்த்தே செய்துவிடலாம் என்பவர்களை நான் நம்புவதில்லை.

ஹெம்ப் விதையைக் கடைசியாக, வார்ப்பதற்குச் சற்று முன் சேருங்கள். வறுக்க வேண்டாம், அதன் எண்ணெயில் பெரும்பகுதி ஒமேகா-6, ஒமேகா-3 கொழுப்பமிலங்கள், சூட்டில் எளிதில் கெடுபவை. குளிர்பெட்டியிலிருந்து எடுத்த விதையை அப்படியே கொட்டினால் டெம்பரிங் குலையும் என்பதால் அறையின் சூட்டுக்கு வந்தபின் போடுங்கள். சிக்கரி கலக்காத சிக்கமகளூருக் காப்பித்தூளை மாவாக அரைத்து அரைக் கரண்டி சேர்ப்பது என் பழக்கம். சுக்குப் பொடியும் நன்றாகவே இருக்கும். டிசம்பர், ஜனவரியில் மேசை மேலேயே உறைந்துவிடும். ஏப்ரலில் குளிர்பெட்டியில் கால் மணி நேரம் வைத்து எடுத்து, காற்றுப் புகாத டப்பாவில் போட்டு, வீட்டின் குளிர்ச்சியான மூலையில் வையுங்கள். மூடாமல் குளிர்பெட்டியிலேயே விட்டுவிட்டால் வெளியே எடுத்ததும் வேர்க்கும். அந்த ஈரத்தில் எரித்ரிட்டால் கரைந்து மீண்டும் படிந்து மேற்பரப்பில் வெள்ளை பூக்கும்.

இன்னும் ஆர்வம் மிகுந்தால் ஒன்று சொல்கிறேன். அமெரிக்காவில் கொட்டையிலிருந்தே சாக்லேட் செய்யத் தொடங்கிய சிறு தயாரிப்பாளர்கள் பலர் முதலில் வாங்கிய அரைவை இயந்திரம், இட்லி மாவுக்கென்று நம்மவர்கள் உருவாக்கிய கல் கிரைண்டர்தான். ஆனால் ஒரு நாள் முழுவதும் நிற்காமல் ஓட வேண்டும். வீட்டுக் கிரைண்டரின் மோட்டார் அதற்குத் தாங்குமா என்று பார்த்துக்கொண்டு இறங்குங்கள். இட்லிக்கும் சாக்லேட்டுக்கும் ஒரே கல்லைப் பயன்படுத்தினால் வீட்டில் சண்டைதான்.

---

உணவியலாளர், ஜெயநகர் எழுதுகிறார்:

மேலே சொன்ன அளவுக்கு நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கோக்கோத் தூளில் நூற்றுக்கு ஏறத்தாழ 58 கிராம் மாவுச்சத்து என்றாலும் அதில் பாதிக்கு மேல் நார்ச்சத்து; ஹெம்ப் விதையில் நூற்றுக்கு ஏறத்தாழ 31 கிராம் புரதமும் 49 கிராம் கொழுப்பும், நார்ச்சத்து நீங்கலாக ஐந்து கிராமுக்கும் குறைவான மாவுச்சத்தும் உண்டு. மொத்தப் பாளமும் 285 கிராம் அளவுக்கு வரும். எரித்ரிட்டாலைக் கணக்கில் சேர்க்காமல், செரிமானமாகும் மாவுச்சத்து முழுப் பாளத்துக்கும் 20 கிராம் அளவில்தான். பத்துக் கிராம் துண்டுகளாக வெட்டினால் துண்டுக்கு ஒரு கிராம்கூட வராது. அதே பத்துக் கிராம் சாதாரணப் பால் சாக்லேட்டில் ஐந்தரை, ஆறு கிராம் இருக்கும். ஆனால் ஆற்றலைப் பார்த்தால் துண்டுக்கு 50 கலோரி, பெரும்பாலும் கொழுப்பிலிருந்து வருவது. மாவுச்சத்து குறைவு என்ற நிம்மதியில் ஒரே மாலையில் எட்டுத் துண்டுகளைத் தின்றுவிட்டு எடை ஏன் குறையவில்லை என்று என்னிடம் வந்து கேட்பவர்கள் உண்டு. இரவு உணவுக்குப் பின் இரண்டு துண்டு போதும்.

நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேங்காய்ப்பூச் சர்க்கரை ஆகியவற்றில் எதையும் ‘இயற்கையானது’ என்று இதில் சேர்க்காதீர்கள். இரத்தச் சர்க்கரையைப் பொறுத்தவரை இவை வெள்ளைச் சர்க்கரையின் உடன்பிறப்புகளே. கடைகளில் ‘சர்க்கரை சேர்க்கப்படாதது’ என்று விற்கும் சாக்லேட்டுகளில் பெரும்பாலும் மால்டிட்டால் என்ற இன்னொரு சர்க்கரை மாற்று இருக்கும். அது சர்க்கரை அளவுக்கு இல்லாவிட்டாலும் இரத்தச் சர்க்கரையை உயர்த்தவே செய்யும், கூடுதலாகத் தின்றால் வயிற்றுப் போக்கும் நிச்சயம். எரித்ரிட்டால் அப்படி உயர்த்துவதில்லை. ஆனால் இரத்தத்தில் எரித்ரிட்டால் மிகுந்திருப்பவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் கூடுதலாக ஏற்பட்டதாக 2023-இல் நேச்சர் மெடிசின் இதழில் ஓர் ஆய்வு வந்தது. அதுவே காரணம் என்று அந்த ஆய்வு நிறுவிவிடவில்லை. இருந்தாலும் உங்கள் கணவருக்கு இதய நோய் இருந்தால், எரித்ரிட்டாலை விட்டுவிட்டு ஸ்டீவியாவோடு நிறுத்திக்கொள்வது என் விருப்பம். கொஞ்சம் கசப்பாகத்தான் இருக்கும். கறுப்புச் சாக்லேட் விரும்பிக்கு அது பழகிவிடும்.

தூக்கத்துக்காகக் கஞ்சாச் சாக்லேட் என்ற யோசனையைப் பற்றியும் ஒரு வார்த்தை. கனடாவில் 2019 அக்டோபர் முதல் உண்ணும் வடிவங்களை விற்க அனுமதித்தபோது ஒரு பொட்டலத்தில் போதைக் கூறு 10 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று வரம்பு விதித்தார்கள். அதற்குக் காரணம் இருக்கிறது. புகைத்தால் சில நிமிடங்களில் தெரியும் விளைவு, உண்டால் அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்தே தலைகாட்டும். வழியில் கல்லீரல் அதை இன்னும் வீரியமான வேறொரு பொருளாக மாற்றிவிடுகிறது. ஒன்றும் ஆகவில்லையே என்று இரண்டாவது துண்டைத் தின்பவர்கள்தான் நெஞ்சு படபடத்து, தலை சுற்றி, பயந்து மருத்துவமனைக்கு ஓடுகிறார்கள். வீட்டில் செய்ததில் எந்தத் துண்டில் எவ்வளவு இருக்கிறது என்று அளக்கவும் வழியில்லை. நீரிழிவுக்காரருக்கு இதில் தனி ஆபத்து ஒன்று உண்டு: படபடப்பு, குழப்பம், வியர்வை ஆகியவை இரத்தச் சர்க்கரை தாழ்ந்ததற்கும் அடையாளங்கள். இரத்தச் சர்க்கரையைக் குறைக்கும் கிளிமெப்பிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்பவருக்கு, எது எதனால் என்று நள்ளிரவில் யார் பிரித்துப் பார்ப்பது? தூக்கமின்மையை மருத்துவரிடம் சொல்லுங்கள். இரவில் பலமுறை சிறுநீர் கழிக்க எழுவதாலா, குறட்டையோடு மூச்சு தடைப்படுவதாலா, கால் எரிச்சலாலா என்று அவர் கேட்பார். நீரிழிவுக்காரர்களுக்குத் தூக்கம் கெடுவதில் இவை அடிக்கடி காணும் காரணங்கள். சாக்லேட்டிலேயே கஃபீன் இருப்பதை மறக்க வேண்டாம். மேலே ஒருவர் சொன்ன காப்பித்தூளை உங்கள் வீட்டுப் பாளத்தில் தவிர்த்துவிடுங்கள்.

அவர் என்னென்ன மாத்திரைகள் சாப்பிடுகிறார் என்று நீங்கள் எழுதவில்லை.

---

அல்சூர் ஏரிக்கரை எழுதுகிறார்:

இவ்வளவு விரிவாக எழுதிய அனைவருக்கும் நன்றி. நாத்தனார் மகளிடம் பொட்டலம் எதுவும் அனுப்ப வேண்டாம் என்று நேற்றிரவே சொல்லிவிட்டேன். சற்று வருத்தப்பட்டாள், ஆனால் 300 கிராம் கணக்கைக் கேட்டதும் அடங்கிவிட்டாள். என் கணவர் மெட்ஃபார்மினும் டபாகிளிஃப்ளோசினும் எடுத்துக்கொள்கிறார். இதய நோய் இல்லை. இரத்த அழுத்தம் மட்டும் உண்டு. இரவில் மூன்று நான்கு முறை எழுகிறார் என்பது இப்போதுதான் எனக்கு உறைக்கிறது. இன்னும் இரண்டு சிறு கேள்விகள்: ஹெம்ப் விதைக்குப் பதில் எள் போட்டால் என்ன? துபாயில் இருக்கும் எங்கள் மகனுக்கு இந்தச் சாக்லேட்டைக் கொடுத்தனுப்பலாமா?

---

உணவியலாளர், ஜெயநகர் எழுதுகிறார்:

டபாகிளிஃப்ளோசின் சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றும் மருந்து. இரவில் எழுவதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம், எந்த நேரத்தில் அதை எடுத்துக்கொள்கிறார் என்பதை மருத்துவரிடம் சொல்லிக் கேளுங்கள், நீங்களாக மாற்றவோ நிறுத்தவோ வேண்டாம். இதைவிட முக்கியமானது வேறு. இந்த வகை மருந்து எடுத்துக்கொள்பவர்கள் சோறு, சப்பாத்தி எல்லாவற்றையும் ஒரேயடியாக விட்டுக் கடுமையான மாவுச்சத்துக் குறைப்பில் இறங்கினால், இரத்தச் சர்க்கரை பெரிதாக ஏறாமலேயே கொழுப்பு எரிவதால் உண்டாகும் கீட்டோன்கள் இரத்தத்தில் பெருகி அமிலத்தன்மை கூடும் ஆபத்து உண்டு. குமட்டல், வாந்தி, வயிற்று வலி, மூச்சு வாங்குதல் என்று எது வந்தாலும் வீட்டில் உட்கார்ந்திருக்கக் கூடாது. சாக்லேட்டில் சர்க்கரையைத் தவிர்ப்பதால் இந்தத் தொல்லை வராது. மூன்று வேளைத் தட்டையும் மாற்றுவதற்கு முன்புதான் மருத்துவரைக் கலந்துகொள்ள வேண்டும்.

எள் தாராளமாகப் போடலாம். வறுத்த வெள்ளை எள்ளுக்கு ஹெம்ப் விதையைவிட நல்ல மணம் என்பது என் சொந்த அபிப்பிராயம். புரதம் மட்டும் குறையும்.

---

சட்டப்புத்தகம் எழுதுகிறார்:

துபாய்க்கு வேண்டவே வேண்டாம். இங்கே உணவாக அனுமதிக்கப்பட்டது என்ற சான்று அங்கே செல்லாது. வளைகுடா நாடுகளின் போதைப்பொருள் சட்டங்கள் மிகக் கடுமையானவை. உறையில் கஞ்சாச் செடியின் பெயரோ படமோ இருந்தாலே விமான நிலையத்தில் மணிக்கணக்கில் விளக்கம் சொல்ல நேரிடும், விதையில் இம்மியளவு பிசின் ஒட்டியிருந்து சோதனையில் தெரிந்தால் விளக்கத்தோடு முடியாது. மகனுக்கு எள் போட்ட பாளத்தையே கொடுத்தனுப்புங்கள்.

---

கோக்கோ அரைப்பவர் எழுதுகிறார்:

எள் போடுவதானால் 60 கிராம் வேண்டாம், 40 போதும். அதிகமானால் கசப்பு தூக்கலாகிவிடும். வறுத்துச் சூடு முழுவதும் ஆறியபின் சேருங்கள். வீட்டில் நாய் இருக்கிறதா என்று கேட்க மறந்துவிட்டேன். கோக்கோவில் உள்ள தியோபுரோமின் நாய்களுக்கு நஞ்சு. இனிப்புக்காகச் சைலிட்டால் சேர்த்திருந்தால் அது இன்னும் மோசம். டப்பாவை உயரமான அலமாரியில் வையுங்கள்.